வெதர்ஃபோர்ட், டெடி (1903–1945)

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், பாடகர், வாத்தியக் குழுத் தலைவர். வாழ்வின் பின்பாதியைப் பெரும்பாலும் ஆசியத் துறைமுக நகரங்களில் கழித்தவர். பம்பாய் தாஜ்மகால் ஓட்டலிலும் கல்கத்தா கிராண்ட் ஓட்டலிலும் இவர் நடத்திய குழுக்கள் வழியே இந்திய வாத்தியக்காரர் பலர் ஜாஸைக் கற்றனர்.

வர்ஜீனியாவின் போகஹான்டஸ் ஊரில் 11-10-1903இல் பிறந்தார் என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. வளர்ந்தது புளூஃபீல்டில். பியானோ கற்றது நியூ ஆர்லியன்ஸில்.

சிகாகோ நாட்கள் பற்றித் தெளிவான சான்று உண்டு. மௌனப்படங்கள் ஓடிய வென்டோம் அரங்கில் எர்ஸ்கின் டேட்டின் குழுவில் பியானோ இவருடையது. டிரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங்குடையது. அக்குழு 1926இல் பதித்த இரண்டு பாடல்களிலும் இருவரையும் கேட்கலாம். இடக்கை அடிச்சுரத்தைத் தட்டிவிட்டு நடுக்கட்டைகளுக்குத் தாவி, அடுத்த தாளத்துக்குள் திரும்பிவிடும் 'ஸ்ட்ரைட்' வாசிப்பு இவருடையது. அந்தத் தாவலுக்குப் பெரிய கை உதவும். அது இவருக்கு இருந்தது. அப்போது சிகாகோ வந்த பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸுக்கு முன்னால் நின்ற போட்டியாளர் இவர்தான்.

அதே 1926இல் ஜாக் கார்ட்டர் குழுவுடன் கப்பலேறி ஷாங்காய் சென்றார். அங்கே ஒரே இரவில் நான்கு விடுதிகளுக்குப் போவாராம். ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் போல வாசித்துவிட்டு வண்டியேறுவாராம். 1933இல் இவரைச் சந்தித்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தன் வரலாற்றில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். மறு ஆண்டு பக் கிளேட்டனின் குழு ஷாங்காய் வந்ததற்கும் இவரே காரணம். நாய்ப் பந்தயத் திடலோடு சேர்ந்த ஆடலரங்கு ஒன்றில் அக்குழு வாசித்தது.

பம்பாய்க்கு வந்த காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித்தின் குழு 1936இல் இங்கே பதித்த இசைத்தட்டுகளில் பியானோ இவருடையதென்று கருதப்படுகிறது. பாக்தாதி யூதரான மெனா சைலஸ் இயற்றிய 'தாஜ்மகால்' என்னும் ஃபாக்ஸ்டிராட் நடனப் பாட்டும் அத்தட்டுகளில் ஒன்று. ஸ்மித்துக்குப் பின் குழு இவர் கைக்கு வந்தது. கோவா வாத்தியக்காரர்கள் அதில் சேர்ந்தனர். பிற்காலத்தில் இந்தித் திரையிசையில் பணியாற்றிய ஃபிராங்க் ஃபெர்னாண்ட் அவர்களில் ஒருவர். தாளில் எழுதியதை அப்படியே வாசிக்கத் தேவாலயப் பள்ளிகளில் பழகிய கைகள் அவை. தாளை விட்டு வெளியே வாசிக்க இக்குழுவே அவர்களுக்குப் பள்ளியாயிற்று.

இடையே 1937இல் பன்னாட்டுக் கண்காட்சி நடந்த வேளையில் பாரிஸ் சென்று, ஸ்விங் நிறுவனத்துக்காகத் தனிப் பியானோ தட்டுகள் சில பதித்தார். தன் பெயரைச் சிலேடையாக்கிய 'வெதர் பீட்டன் புளூஸ்' அவற்றுள் ஒன்று.

போர்க்காலத்தில் கல்கத்தா. நேச நாட்டுச் சிப்பாய்கள் நிறைந்த கிராண்ட் ஓட்டலில் பல நாட்டார் கலந்த குழுவை நடத்தினார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதித்த தட்டுகள் சிலவற்றில் பாடியதும் இவரே. டார்ஜிலிங் பக்கத்து நேபாளி வாத்தியக்காரரான புஷ்கர் பகதூர் இக்குழுவில் இருந்தார். ஜார்ஜ் பேங்க்ஸ் என்று பெயர் பெற்ற அவருடைய மகனே மும்பையின் பியானோ கலைஞர் லூயி பேங்க்ஸ்.

25-4-1945இல் காலராவால் கல்கத்தாவில் இறந்தார்; வயது 41.

பம்பாயில் 1949 மதுவிலக்குச் சட்டத்துக்குப் பின் இரவு விடுதிகள் தளர்ந்தன. வாத்தியக்காரர் பலர் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் அடைக்கலமாயினர். நரேஷ் ஃபெர்னாண்டஸ் எழுதிய 'தாஜ்மகால் ஃபாக்ஸ்டிராட்' நூலுக்குப் பின் இவர் பெயர் மீண்டும் பேசப்படுகிறது.