மைசூர் கொசுவும் கொஞ்சம் கணக்கும்

மாற்றலாகி மைசூர் வரும் நம்ம ஊர்க் குடும்பங்கள் முதலில் சொல்வது, "ஊர் குளுகுளுன்னு இருக்கு". அடுத்த வாரமே, "கொசுதான் தாங்கலை!" இந்தக் கொசுவுக்குப் பெரிய சரித்திரமே இருக்குங்க. பேங்க்காரன் ஆச்சே, வருஷ வாரியாக எழுதிவிடுகிறேன்.

1799-ல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயப் படை பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. சுற்றிலும் காவிரி. சண்டையில் தப்பியவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. 1809-ல் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் அதற்குத் துப்புக் கண்டுபிடித்தது 1897-ல்தான்.

அடுத்தது கண்ணம்பாடி அணை. 1911-ல் வேலை ஆரம்பம். 1930களில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மண்டியா பக்கம் நெல்லும் கரும்பும் செழித்தன. கூடவே மலேரியாவும்! நம்ம தஞ்சாவூருக்கும் வரும் அதே காவிரித் தண்ணீர்தான்.

மைசூர் சமஸ்தானம் சும்மா இருக்கவில்லை. 1920களின் கடைசியிலிருந்தே அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையோடு சேர்ந்து மலேரியா ஆராய்ச்சி நிலையங்களை நடத்தியது. மலைநாட்டில் முடிகெரே, வாய்க்கால் பாசனப் பக்கம் நாகேனஹள்ளி. அந்தக் காலத்து வேலை முறையைக் கேளுங்கள். வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் கொசுவைப் பிடித்து எண்ணுவார்கள். குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்தத் தண்ணீரில் எந்தக் கொசுவின் புழு என்று குறித்துக்கொள்வார்கள். பாரிஸ் கிரீன் என்ற பச்சைப் பொடியைத் தூவுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் கணக்கு, அப்புறம் மருந்து!

பிறகு டிடிடி வந்தது. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம். 1960களில் நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் என்று மலேரியா இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். கொசு மருந்துக்குப் பழகிவிட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1976-ல் 64 லட்சம் பேர்!

இன்றைக்கு நகரத்தில் பெரிய பயம் டெங்கு. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வாய்க்கால் வேண்டாம். சம்ப், டிரம், பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு போதும். பகலில் கடிக்கும். முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். எங்கள் தெருவில் புகை அடித்துப் போன அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூடப் பையன் டெங்குவில் படுத்தான். புகைக்குச் சாவது பறக்கிற கொசுதான், சம்ப்பில் இருக்கும் புழு அல்ல.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. கொசு வளரவிடும் நகரத்து வீட்டுக்கு 400 ரூபாய் அபராதம். அன்று வாய்க்கால் அரசாங்கத்துடையது, கணக்கும் அவர்கள் பொறுப்பு. இன்று தண்ணீர் நம் வீட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே ஆஷா அம்மா கேட்டில் நின்று "சம்ப் தோர்ஸி" என்றால், கன்னடம் தெரியாது என்று கதவைச் சாத்தாதீர்கள். மூடியைத் திறந்து காட்டுங்கள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பதுதான் அவர் எடுக்கும் கணக்கு. நாம் சாத்திய கதவு அந்தக் கணக்கில் விழும் ஓட்டை. வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, காயவையுங்கள். குழந்தைகளுக்காக இதைச் செய்யலாமே!