உள்ளறைக் காற்றுத் தூய்மையாக்கம்

வீடு, பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் போன்ற மூடிய இடங்களின் காற்றில் கலந்திருக்கும் நோய்க்கிருமி, தூசு, புகை, தீய வளிமங்கள் ஆகியவற்றை அகற்றும் அல்லது செயலிழக்கச் செய்யும் முறைகளுக்கு இது பொதுப்பெயர். காற்றோட்டம், வடிகட்டல், புற ஊதாக் கதிர்வீச்சு, மின்முறைகள், வேதிமுறைகள் என ஐந்து வகையாகப் பிரிப்பது வழக்கம். தமிழ்நாட்டில் இதன் வரலாறு பெரும்பாலும் காசநோயின் வரலாறே. புகையின் வரலாறு அதைவிடப் பழையது. ஆனால் அதை எழுதிவைத்தவர்கள் குறைவு.

சானடோரியக் காலம்

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்றும் வெயிலும் ஓய்வும் சத்துள்ள உணவுமே சிகிச்சையாக இருந்தன. இதற்காக ஊருக்கு வெளியே, பெரிய சன்னல்களும் நீண்ட தாழ்வாரங்களும் வைத்துக் கட்டப்பட்ட மருத்துவமனைகள் சானடோரியம் எனப்பட்டன. அன்றைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் திறக்கப்பட்ட மிஷன் சானடோரியம் இவற்றுள் முன்னோடி. டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அதை நெடுங்காலம் நடத்தினார்.

தாம்பரத்தில் 1928இல் சானடோரியம் தொடங்கியவர் டேவிட் சௌரிமுத்து. அதற்கு முன் இவர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இதே முறையில் ஒரு மருத்துவமனை நடத்திவந்தார். 1917இல் நோயுற்ற கணிதமேதை ராமானுஜன் சில காலம் அங்கே இவருடைய பராமரிப்பில் இருந்தார். ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்பது பிற்கால மருத்துவர் சிலரின் கருத்து. தாம்பரம் நிறுவனத்தை 1937இல் அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஆனாலும் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்த நிறுத்தம் இன்றைக்கும் 'சானடோரியம்'தான். பெருந்துறை, செங்கிப்பட்டி ஆகிய இடங்களிலும் பின்னர் இத்தகைய மருத்துவமனைகள் எழுந்தன.

சானடோரியக் கட்டடக் கலையில் அறிவியல் இல்லை என்று பிற்காலத்தவர் சிலர் ஒதுக்கியது தவறு. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்த உயரமான கூடத்தில் காற்று மணிக்கு 12 முறைக்கும் மேல் மாறக்கூடும். காற்றில் பரவும் நோய் கண்டவர்களைத் தனிமைப்படுத்தும் அறைக்கு உலகச் சுகாதார நிறுவனம் கேட்பதும் அந்த 12தான். குளிர்சாதனத்துக்காகச் சன்னலை அடைத்த இன்றைய அறை பல நேரம் இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

இந்தக் காலத்தை முடித்துவைத்ததும் சென்னையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. ஓராண்டு முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரை 5 ஆண்டுகள் கவனித்தும் அவர்களிடம் நோய் கூடுதலாகப் பரவியதாகத் தெரியவில்லை. நெரிசலான சென்னைக் குடியிருப்புகளில் கிடைத்த ஓராண்டு முடிவு 1959இல் வெளியானபின் உலகெங்கும் சானடோரியப் படுக்கைகள் காலியாகத் தொடங்கின. மருந்து வந்தது, சன்னலின் அருமை மறந்துபோயிற்று.

புற ஊதாக் கதிர்

வெயில் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதை 1877இல் ஆய்வுமுறையில் காட்டியவர்கள் ஆர்தர் டௌன்ஸ், தாமஸ் பிளண்ட் ஆகிய இரு ஆங்கிலேயர். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோயைச் செறிவூட்டிய ஒளியால் குணப்படுத்தி 1903இல் நோபல் பரிசு பெற்றார்.

கட்புலனாகும் ஊதா நிறத்துக்கு அப்பாலுள்ள இக்கதிர்கள் அலைநீளத்தால் மூன்றாகப் பிரியும். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ. 280 முதல் 315 வரை பி. 100 முதல் 280 வரை சி. வெயிலில் வரும் சி வகையை ஓசோன் படலம் முழுதும் தடுத்துவிடுவதால் அது தரைக்கு வருவதில்லை, விளக்கிலிருந்துதான் பெறவேண்டும். குறையழுத்தப் பாதரச ஆவி விளக்கு பெரும்பாலும் 254 நானோமீட்டர் கதிரை வெளியிடும். அக்கதிர் கிருமியின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அதன்பின் கிருமி உயிரோடிருந்தாலும் பெருக முடியாது. பூஞ்சை வித்துகள் இதை வெகுவாகத் தாங்கும். காசநோய்க் கிருமியும் தட்டம்மை வைரசும் அவ்வளவு தாங்குவதில்லை.

காற்றுத் தூய்மைக்கு இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் வெல்ஸ். இருமும்போது தெறிக்கும் சிறுதுளிகள் தரையில் விழுமுன் உலர்ந்து, நுண்கருக்களாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும் என 1934இல் எழுதினார். ஃபிலடெல்ஃபியா அருகேயுள்ள பள்ளிகளின் வகுப்பறைகளில் விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் தட்டம்மை பரவியபோது விளக்கிருந்த வகுப்புகளில் நோய் கண்டவர் விகிதம் மற்ற வகுப்புகளில் கண்டதில் ஏறத்தாழ கால் பங்கே இருந்தது. வேறு ஊர்களில் இதைச் செய்துபார்த்தபோது பலன் கிட்டவில்லை. பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் நெருக்கியடித்துப் போய் வந்ததே காரணம், விளக்கின் குறையன்று என்று கருதப்படுகிறது.

வெல்ஸின் மாணவர் ரிச்சர்ட் ரைலி 1950களின் பிற்பகுதியில் பால்டிமோரில் 6 படுக்கை கொண்ட காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மாடிக்கு இழுத்து, அங்கே கூண்டுகளிலிருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்கச் செய்தார். அவற்றில் பலவற்றுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைப் புற ஊதாக் கதிர் வழியே அனுப்பியபோது ஒன்றுக்கும் தொற்றவில்லை. காசநோய் காற்றால் பரவுகிறதா என்ற விவாதத்தை முடித்துவைத்த சோதனை இது. இம்முறையிலேயே பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் வார்டுக் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 விழுக்காட்டுக்கும், விளக்கு எரிந்த நாட்களில் சுவாசித்தவற்றில் 9.5 விழுக்காட்டுக்கும் தொற்று கண்டது.

வார்டில் விளக்கு

விளக்கைக் கண்டபடி தொங்கவிட முடியாது. இக்கதிர் கண்ணில் பட்டால் சில மணி நேரத்தில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், தோல் சிவக்கும். ஆகவே ஆள் தலைக்கு மேல், தரையிலிருந்து 2.1 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் சுவரில் பொருத்துவர். முன்புறம் கறுப்புத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். கதிர் அவற்றினூடே கிடையாக மட்டும் வெளிவந்து கூரையை ஒட்டிய காற்றில் பரவும். கீழே படுத்திருப்பவர் அண்ணாந்து பார்த்தால் மங்கிய நீலம் தெரியும், அவ்வளவே. கீழ்க்காற்று மேலேறிக் கதிரில் குளித்து இறங்கவேண்டும் என்பதால் மின்விசிறி ஓடிக்கொண்டே இருப்பது நல்லது. நம்மூர்க் கூரை விசிறி இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல் பொருந்திப்போகிறது. 17 வாட் விளக்கு ஒன்று சிறிய அறையில் மணிக்கு ஏறத்தாழ 10 முறை காற்றை மாற்றியதற்குச் சமம் என்பது ரைலி கண்ட கணக்கு.

குறைகளும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டினால் கதிரின் வீரியம் குறையும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும். குழலில் தூசு படிந்தாலும் ஒளி மங்கும், கண்ணுக்கு அது தெரியாது. துடைக்க ஆளில்லாத மருத்துவமனைக்கு விளக்கு வாங்குவது வீண் செலவு. இந்திய அரசு 2010இல் வெளியிட்ட காற்றுவழித் தொற்றுத் தடுப்பு நெறிமுறைகளும் இருமும் நோயாளியைப் பிரித்து உட்காரவைத்தல், காற்றோட்டம் ஆகியவற்றுக்கு முதலிடம் தந்து, அவை போதாத இடத்துக்கே விளக்கைச் சொல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் காசநோய்த் தடுப்புக்கு இம்முறையைப் பரிந்துரைத்தது.

பிற முறைகள்

ஹெபா வடிகட்டி இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்காக உருவானது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். தூசுக்கும் புகைத்துகளுக்கும் இதுவே ஏற்றது. நாற்றத்தையும் வளிமத்தையும் இது விட்டுவிடும். அதற்குச் செயலூட்டிய கரி தேவை. அயனியாக்கி, பிளாஸ்மா, டைட்டானியம் டை ஆக்சைடு வினையூக்கி போன்றவை கடைகளில் பெரிதாகப் பேசப்படுபவை. இவற்றுள் சில ஓசோனை வெளிவிடும். ஓசோன் நுரையீரலை அரிப்பது. ஆள் இருக்கும் அறையில் அதற்கு வேலையில்லை. 222 நானோமீட்டர் விளக்கு தோலையும் கண்ணையும் அவ்வளவாகத் தீண்டாது என்பதால் புதிய நம்பிக்கையாகப் பேசப்படுகிறது. தொட்டிச் செடி அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்பது அழகான நம்பிக்கை மட்டுமே. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான்: மணம் தரும், கூடவே நுண்துகளையும் சேர்க்கும்.

கொல்லிமலையும் அடுப்புப் புகையும்

மேற்கண்ட கருவிகள் எதுவும் தீர்க்காத சிக்கல் விறகுப் புகை. நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் சோளக்காடு, வாழை, பலா, அன்னாசி, மிளகு விற்கும் சந்தைக்குப் பேர்போன ஊர். வெளிக்காற்று குளிர்ந்து தெளிந்திருக்கும். வீட்டுக்குள் நிலைமை வேறு. மலையாளிப் பழங்குடியினரின் பழைய பாணி வீட்டில் குளிருக்கு அடக்கமாகக் கதவைச் சாத்தி விறகடுப்பு எரித்தால் அடுப்புக்கு மேலுள்ள பரணும் கூரைக் கழிகளும் கரியேறி மினுங்கும். அந்தப் புகைதான் பரணில் வைத்த தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கிறது என்பதால், வீட்டாருக்கு அது முழுக்கப் பகையும் அல்ல. ஊதுகுழலோடு அடுப்பின் முன் குந்தியிருக்கும் பெண்ணுக்கும் அவள் மடியிலுள்ள குழந்தைக்கும்தான் அதிகப் புகை. இங்கே புற ஊதா விளக்கு மாட்டினால் சில நாளிலேயே குழலில் புகைக்கரி படிந்துவிடும். புகைத்துகளைக் கதிர் ஒன்றும் செய்யாது. ஹெபா வடிகட்டியும் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

தமிழகச் சிற்றூர்ச் சமையலறைகளின் புகையை முறையாக அளந்தது போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு. அக்குழு பங்கேற்ற நான்கு நாட்டு ஆய்வில் இந்தியக் களங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். நான்கு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு எரிவாயு அடுப்பும் உருளையும் இலவசமாகத் தரப்பட்டன. விறகு எரித்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 71 மைக்ரோகிராம் அளவில் இருக்க, எரிவாயு பெற்றவர்களுக்கு அது 24ஆக இறங்கியது. பிறந்த குழந்தைகளின் எடையில் மட்டும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என 2022இல் முடிவு வெளியாயிற்று. நுண்துகளின் ஒரு நாள் சராசரிக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம்.

இன்றைய நிலை

கோவிட்-19 காலத்தில் புற ஊதா விளக்கு மீண்டும் பேசப்பட்டது. சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் அமைப்பு உருவாக்கிய காற்றுக்குழாய்க் கருவியை நாடாளுமன்றத்தில் பொருத்துவதாக 2021இல் அறிவிப்பு வந்தது. விறகுப் புகைக்கு எதிராக 2006–2011 ஆட்சிக் காலத்தில் தமிழ்நாடு அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. அடுப்பு ஒருமுறை இலவசமாக வரும், 14.2 கிலோ உருளையை ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத்தான் மலையேற்ற வேண்டும். விறகோ காட்டில் கிடைக்கிறது.