வழியிழந்த மீன்

மீனைக் கொடியிற் பொறித்துப் பெருமை கொண்டது பாண்டியர் மரபு. கயலும் கெண்டையும் நம் புலவர்க்குக் கண்ணின் உவமையாயின. அம்மரபில் வந்த நாம், பாரதத்தின் கீழ்க்கோடியில் மணிப்பூர் மக்கள் போற்றிய ஒரு மீனின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் தகும்.

‘பெங்பா’ என்பது அதன் பெயர். கெண்டைக் குடும்பத்தது; வெள்ளி போல் மின்னுவது; ஒரு முழத்தை எட்டாதது. 1844-இல் வாலென்சியென் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். மெய்தி மக்களுக்கோ இது விருந்துக்குரிய மீன். மணமான மகளிரைப் பிறந்தகத்துக்கு அழைத்து உணவூட்டும் ‘நிங்கோல் சாக்கோபா’ திருநாளில் மீனின்றி விருந்து நிறைவுறாது. அம்மீன் பெங்பாவாயின் அது தனிச் சிறப்பு.

பெங்பாவும் ஆண்டுதோறும் வந்த விருந்தாளியே. லோக்தாக் ஏரியைச் சார்ந்த நீரெல்லாம் மணிப்பூர் ஆறாகத் தெற்கே இறங்கி, மியன்மாரில் சிண்ட்வின் ஆற்றுத் தொகுதியிற் கலக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகுங்கால் பெங்பா அவ்வழியே எதிரேறி வந்து ஏரியையும் ஓடைகளையும் அடைந்தது. மனிதர் வகுத்த எல்லை அதற்குத் தடையாகவில்லை. மனிதர் கட்டிய அணையே தடையாயிற்று.

1983-இல் லோக்தாக் நீர்மின் திட்டத்துக்காக இதாய் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே கதவணை எழுந்தது. 105 மெகாவாட் மின்னாற்றலுக்கு அது வழி செய்தது. ஏரியின் நீர்மட்டமோ ஆண்டு முழுதும் உயர்ந்தே நின்றது. கரையோர வயல்கள் மூழ்கின. மீனின் வழி அடைபட்டது. நீர் மாசுபட்டதும் அளவின்றி மீன் பிடித்ததும் உடன் சேர்ந்தன. இந்திய நீர்நிலைகளில் இயற்கையாக வாழ்ந்த பெங்பா அற்றுப்போயிற்று என 1990-களின் இறுதியில் அறிஞர் மதிப்பிட்டனர்.

மீன் முற்றும் அழியவில்லை என்பது ஆறுதல். பண்ணைகளிற் குஞ்சு பொரிக்கச் செய்து குளங்களில் வளர்க்கின்றனர். மணிப்பூரின் மாநில மீன் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு.

மின்விளக்கின் ஒளியில் அமர்ந்து இதனை எழுதும் நாம், மின்சாரம் வேண்டா என்று கூறும் உரிமையுடையோம் அல்லோம். ஆயினும், அணையோடு மீன் ஏறிச் செல்லும் படிவழியும் அமைக்கும் முறையை உலகம் அன்றே அறிந்திருந்தது. அதை நினைந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கக்கூடும். மீன் பிழைத்தது, அதன் பயணம் பிழைக்கவில்லை. மகளிர் இன்றும் ஆண்டுதோறும் பிறந்தகம் வருகின்றனர். ஆற்றுவழியே கூட்டமாக வந்த பெங்பாவின் பழைய வரவு மட்டும் திரும்பவில்லை.