கேட்டுக்குள்ள யார் போறாங்க? ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடமும் தொழிற்சாலை ஆய்வாளரும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு சொன்னா கார், போன், ஷிஃப்ட் பஸ் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இந்த எபிசோட் அந்த கம்பெனிகளோட கேட்டுக்குள்ள போய்ப் பார்க்க வேண்டிய அரசு ஆளைப் பத்தினது. அவர்தான் தொழிற்சாலை ஆய்வாளர்.

இது பழைய பதவி. 1881 சட்டத்துலயே இருந்தது. 1948-ல வந்த தொழிற்சாலைகள் சட்டம் அதுக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது. ஆய்வாளர் உள்ளே நுழையலாம், மெஷினைப் பார்க்கலாம், பதிவேட்டைக் கேட்கலாம், தொழிலாளிகிட்ட பேசலாம். 1949-ல ஐ.எல்.ஓ.வின் 81-வது உடன்படிக்கையையும் இந்தியா ஏத்துக்கிச்சு. முன்னறிவிப்பு இல்லாம போகலாம், போதுமான ஆய்வாளர்கள் இருக்கணும்ங்கறது அதோட சாரம்.

இப்ப 2001-க்கு வருவோம். தமிழக அரசோட கஜானா மோசமா இருந்தது. அந்த நவம்பர்ல ஆசிரியர், டாக்டர், போலீஸ் மாதிரி சில வேலைகளைத் தவிர மத்த காலியிடங்களை நிரப்பத் தடை போட்டாங்க. 2003-ல அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் பண்ண, சுமார் 1.7 லட்சம் பேரை வேலையை விட்டே தூக்கினாங்க. பெரும்பாலானவங்க திரும்ப வந்தாங்க. ஆள் எடுக்கிற தடை மட்டும் 2006 வரைக்கும் நீடிச்சது.

அதே காலத்துல இந்தப் பக்கம் என்ன நடந்ததுன்னு பாருங்க. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பிச்சது. 2005-ல நோக்கியா ஒப்பந்தம், 2006-ல உற்பத்தி. 2010-ல ஒரகடத்துல ரெனால்ட் நிஸான், 2012-ல டைம்லர். இந்த வரிசையில நோக்கியா ஒப்பந்தம் அரசு ஆள் எடுக்காத வருஷங்கள்லயே வந்தது.

அடுத்து சாஃப்ட்வேர் வந்தது. 2014 அக்டோபர்ல மத்திய அரசு ஷ்ரம் சுவிதா போர்ட்டலைத் தொடங்கிச்சு. எந்த இடத்துக்கு ஆய்வுக்குப் போகணும்னு கம்ப்யூட்டரே குலுக்கல் முறையில சொல்லும். அறிக்கையை 72 மணி நேரத்துக்குள்ள ஏத்தணும்னு அப்போ சொல்லியிருந்தாங்க. மாநிலங்களுக்குக் கொடுத்த சீர்திருத்தப் பட்டியல்லயும் இதே பாணிதான்: ஒரே ஆய்வாளர் ஒரே தொழிற்சாலைக்கு அடுத்தடுத்து போகக்கூடாது, அறிக்கை 48 மணி நேரத்துல வரணும். வெளியில சொன்ன காரணம், தொழில் தொடங்க எளிமை. சம்பளப் பட்டியல் நீளாம வேலையை நகர்த்தவும் இது வசதி.

நியாயமா சொன்னா இதுல லாபம் இருக்கு. யார் எங்க போகணும்னு மெஷின் முடிவு பண்ணினா, வேண்டப்பட்ட கம்பெனியை விட்டுட்டு வேண்டாத கம்பெனியை மட்டும் துரத்த முடியாது. மாமூலுக்கு வழி குறையும். ஆனா நஷ்டமும் உண்டு. போன தடவை எந்த மெஷினுக்குத் தடுப்பு இல்லைன்னு பார்த்தவர் இந்தத் தடவை வரமாட்டார். ரிஸ்க்கைக் கணக்குப் போடுற சிஸ்டமா இருந்தாலும், அதுக்குள்ள போற டேட்டாவுல பெரும்பகுதி கம்பெனியே நிரப்பினது. கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், ஃபார்ம்ல இல்லாத ஃபீல்டு டேட்டாபேஸ்லயும் இருக்காது.

2021 டிசம்பர்ல நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். ஃபாக்ஸ்கான்ல வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. விடுதிகளோட நிலைமை ஊருக்கே தெரிஞ்சது, அந்தப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்த பிறகுதான். அப்புறம்தான் எல்லாம் நகர்ந்தது. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குற குடியிருப்பு திறந்தாங்க.

2020-ல நிறைவேறின தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இணையவழி ஆய்வையே சட்டத்துக்குள்ள கொண்டு வந்திருக்கு. ஆய்வாளரோட பேருலயும் 'வசதி செய்து தருபவர்'னு சேர்த்திருக்கு.

எங்க போகணும்னு சாஃப்ட்வேர் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா போறதுக்கு ஆள் வேணும். அடுத்த தடவை "ஆய்வு முழுசா டிஜிட்டல் ஆயிடுச்சு"ன்னு செய்தி வந்தா, ரெண்டு எண்ணைத் தேடிப் பாருங்க: ஒப்புதல் ஆன ஆய்வாளர் பணியிடம் எத்தனை, அதுல நிரப்பினது எத்தனை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.