சமனிலிகளை எண்கோட்டில் குறித்தல்

ஒரு சமனிலியை நிறைவுசெய்யும் மெய்யெண்கள் அனைத்தையும் எண்கோட்டின் ஒரு பகுதியாக வரைந்து காட்டும் முறை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அசமன்பாடு எனப்படுவதே இலங்கையில் சமனிலி. சுருக்கமும் தெளிவும் கருதி இங்கு அச்சொல்லே ஆளப்படுகிறது. 2க + 1 = 7 என்பதற்கு விடை ஒரே புள்ளி. 2க + 1 > 7 என்றாலோ 3-ஐவிடப் பெரிய எல்லா எண்களும் விடைகள். அவற்றை எழுதி மாளாது; வரைந்து காட்டலாம்.

பெரிது, சிறிது என்பவற்றுக்கு இன்று வழங்கும் குறிகள் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் தந்தவை. அவர் இறந்து பத்தாண்டுகள் கழிந்து, 1631-இல் இலண்டனில் அச்சான ‘ஆர்ட்டிஸ் அனலிட்டிகே பிராக்சிஸ்’ என்ற இலத்தீன் நூலில் அவை இடம்பெற்றன. அவரது கையெழுத்துப் படிகளில் வடிவம் சற்றே வேறு. அச்சில் காணும் வடிவம் பதிப்பித்தவர்கள் திருத்தியது. ஆயினும் பெருமை ஹாரியட்டுக்கே உரியது. 1585-இல் அமெரிக்கா சென்றபோது அங்குள்ள பழங்குடி ஒருவரின் உடலில் கண்ட குறியிலிருந்து இதை அமைத்தார் என்பது வெறும் கதை. அதே 1631-இல் வில்லியம் ஆட்ரெட் தம் நூலில் வேறு குறிகளைக் கையாண்டார். இங்கிலாந்தில் அவை நெடுங்காலம் வழங்கின. ஆனால் பெரிதுக்கும் சிறிதுக்கும் உரியவை ஒன்றையொன்று ஒத்திருந்ததால் குழப்பின. ஹாரியட்டின் குறியிலோ விரிந்த பக்கம் பெரிய எண்ணை நோக்கும். ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. சமத்தையும் சேர்த்துச் சொல்ல அடியில் கோடிடும் வழக்கத்தை 1734-இல் பிரான்சின் பியர் பூகே தொடங்கினார். அவர் இட்டவை இரண்டு கோடுகள்.

எண்கோட்டுக்கு ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட இயற்கணித நூல் முக்கியமானது. ஒருவன் ஐந்து கெஜம் முன்னே நடந்து எட்டு கெஜம் பின்வாங்கினால், புறப்பட்ட இடத்துக்கு மூன்று கெஜம் பின்னே நிற்பான். அதுவே −3 என்று அவர் விளக்கினார்.

குறிக்கும்போது முதலில் எல்லைப் புள்ளியைக் கவனிக்க வேண்டும். எல்லை எண் விடையில் சேராவிட்டால் வெற்று வட்டம், சேர்ந்தால் நிரப்பிய வட்டம். பிறகு விடைகள் உள்ள திசையில் தடித்த கோடும் முனையில் அம்புக்குறியும் இடப்படும். குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும்: −2க ≥ 6 எனில் க ≤ −3. காரணம் கோட்டிலேயே தெரிகிறது. 5 > 2; இரண்டையும் −1-ஆல் பெருக்கினால், சுழியத்தில் கண்ணாடி வைத்ததுபோல் −5 இடப்புறம் தள்ளிப்போய் −2-ஐவிடச் சிறிதாகிறது. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். விதியை மனப்பாடம் செய்வதைவிட இப்படத்தை ஒருமுறை வரைந்து பார்ப்பது மேல். விடைகள் முழுக்கள் மட்டுமே எனில் கோடு கூடாது, தனித்தனிப் புள்ளிகளே இட வேண்டும்.

இன்று ஜியோஜீப்ரா போன்ற மென்பொருள்களும் இவ்வரைபடங்களைத் தருகின்றன.