டெவ் அடைவும் நிலைக்காத அனுமதிகளும்

யூனிக்ஸில் எல்லாமே கோப்புதான் என்பார்கள். வன்தட்டு, மோடம், அச்சுப்பொறி... எதுவானாலும் டெவ் என்ற அடைவுக்குள் ஒரு பெயராக உட்கார்ந்திருக்கும். 1971-ல் வந்த முதல் பதிப்பிலேயே இந்த ஏற்பாடு உண்டு. சாதாரணக் கோப்பைப் போலவே இவற்றுக்கும் உரிமையாளர், குழு, அனுமதி எல்லாம் உண்டு. விளையாட்டு விஷயமில்லை இது. வன்தட்டின் சாதனக் கோப்பை யாரும் படிக்கலாம் என்று திறந்துவிட்டால், அந்தத் தட்டில் உள்ள கோப்புகளுக்குத் தனித்தனியாகப் போட்ட பூட்டெல்லாம் வீண்.

ஆரம்ப கால லினக்ஸில் டெவ் அடைவு வன்தட்டிலேயே இருந்தது. ரூட்டாக நுழைந்து ஒருமுறை சிஎச்மோட் கொடுத்தால் போதும், அப்படியே நிற்கும். சிக்கல் வேறு இடத்தில். சாதனம் இருக்கிறதோ இல்லையோ, மேக்டெவ் என்ற நிரல் அதற்கான கோப்புகளை வரிசையாக உருவாக்கி வைத்துவிடும். அவற்றை கர்னல் அடையாளம் காண்பது பெயரால் அல்ல, இரண்டு எண்களால். இரண்டுக்கும் தலா 8 பிட் மட்டுமே.

இதற்கு மருந்தாக ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் 2000-ல் கர்னலுக்குள் வந்தது. இருக்கும் சாதனங்களுக்கு மட்டும் கர்னலே பெயர் வைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த அடைவு நினைவகத்தில் வாழ்ந்தது! மாற்றிய அனுமதி, கணினியை அணைத்ததும் காணாமல் போகும். அணைக்கும்போது அடைவையே டார் கோப்பாகக் கட்டி வைத்து, மீண்டும் தொடங்கும்போது அவிழ்ப்பது ஒரு வழியாகச் சொல்லப்பட்டது (வீட்டைக் காலி செய்து தினமும் திரும்பக் குடிவருவது மாதிரி). பிறகு டெவ்எஃப்எஸ்டி என்ற பின்னணி நிரல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. நிரலின் தரத்தை ஆல் வைரோ கடுமையாக விமர்சித்ததும் சேர்ந்துகொண்டது.

2003-ல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் யுடெவ்வைக் கொண்டுவந்தார். அதிலும் கோப்புகள் வழக்கமாக நினைவகத்தில்தான். சிஎச்மோட் செய்தால் அதிலும் நிலைக்காது. ஆனால் விதி வன்தட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தயாரிப்பாளர் எண், இந்த வரிசை எண் கொண்ட சாதனம் செருகப்பட்டால் இன்ன குழு, 0660 அனுமதி என்று ஒரு வரி எழுதினால் போதும். எந்தத் துளையில் செருகினாலும், எத்தனை முறை கழற்றினாலும் அது பொருந்தும். சாதனத்துக்கு அடையாளம் தந்ததுதான் யுடெவ்வின் உண்மையான வெற்றி.

2006-ல் வந்த 2.6.18 கர்னலில் டெவ்எஃப்எஸ் நீக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், 2009-ல் 2.6.32-ல் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் வந்து, கோப்பை உருவாக்கும் வேலையைக் கர்னலுக்கே திருப்பிக் கொடுத்தது. யாருக்கு என்ன அனுமதி என்ற முடிவை மட்டும் யுடெவ்விடமே விட்டுவிட்டது.

2012-ல் யுடெவ் சிஸ்டம்டியோடு இணைக்கப்பட, பிடிக்காத ஜென்டூக்காரர்கள் சிலர் அதைப் பிரித்து இயுடெவ் என்று தனியாக நடத்தினார்கள். விதிகளின் வடிவம் மட்டும் பெரிதாக மாறவில்லை. அவசரத்துக்கு 0666 என்று எழுதி எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்கும் பழக்கமும்தான்.