நின்ற இடம்

'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறுதியான, விசுவாசமுள்ள என்று அர்த்தம் எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டெடெ' என்றால் இடம். மற்ற பாதி, அசையாதது. நின்ற இடத்தைவிட்டுப் பெயராதவன். சொல்லின் ஆதி அர்த்தம் அவ்வளவுதான்.

991 ஆகஸ்டில் எஸ்ஸெக்ஸில், மால்டன் ஊருக்கருகே வைக்கிங்குகளிடம் தோற்ற சண்டையைப் பற்றிய கவிதையில் இச்சொல் அந்தப் பச்சையான அர்த்தத்திலேயே வருகிறது. தலைவன் பிர்ட்நாத் விழுகிறான். ஒட்டாவின் மகன் காட்ரிக் தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். போவது தலைவன்தான் என்று பலர் நம்பிவிட, கேடய வரிசை உடைகிறது. மிஞ்சியவர்கள் மது விருந்தில் செய்த சபதங்களை நினைவுபடுத்திக்கொண்டு அங்கேயே நின்று சாகிறார்கள். நம்முடைய செஞ்சோற்றுக்கடன்தான். சோறிட்டவன் செத்த பிறகும் கடன் தீரவில்லை. பலன்? அதே வருஷம் டேனியர்களுக்கு 10,000 பவுண்டு கப்பம் கட்டப்பட்டது.

1200 வாக்கில் இச்சொல் காலைவிட்டு மனசுக்கு ஏறிவிட்டது. உலகில் இந்தக் குணம் அற்றுப்போனதென்று சாஸர் ஒரு கவிதை எழுதினார். அதன் முடிவுரை இரண்டாம் ரிச்சர்ட் அரசனுக்குச் சொன்ன புத்திமதி என்பது பொதுவான கருத்து. 1399இல் ரிச்சர்ட் அரியணை இழந்தான். 1400இல் சாஸர் இறந்ததாகக் கொள்கிறார்கள். அதற்குள், காலிப் பணப்பையிடம் முறையிடும் கவிதையொன்றின் கடைசி அடிகள் புதிய அரசன் நான்காம் ஹென்றிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

சாஸரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அவர் அரசாங்க மானியத்தில் வாழ்ந்தவர். வயிறு எல்லோருக்கும் உண்டு. என் கவலை சொல்லைப் பற்றியது. காலில் இருந்தவரை, நின்றானா ஓடினானா என்று எவனும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். மனசுக்குள் புகுந்த பின், அவனவன் சொல்வதுதான் சாட்சி. 'கொள்கைப் பிடிப்பு' என்று நாம் ஒருவருக்கொருவர் தாராளமாக வழங்கிக்கொள்ளும் பட்டமும் இப்படிப்பட்டதுதான். எந்த இடத்தில் நின்றான் என்று யாரும் கேட்பதில்லை.

மால்டன் கவிதையின் ஏடு 1731இல் லண்டனில் தீக்கிரையாயிற்று. முன்பே எடுத்துவைத்த பிரதியால் கவிதை பிழைத்தது. தலையும் வாலும் இல்லை. எழுதியவன் பெயரும் இல்லை. நின்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஓடிய காட்ரிக்கின் பெயரும் இருக்கிறது.